தந்தம் என்று எழுதியிருந்தால்...

யானைக்கவுனி! பெயரைக் கேட்டதும் மனக்கண்முன் என்ன தோன்றுகிறது? வானளாவும் மதில், வாயிற்காவலர், அசைந்து வரும் களிறு! இன்று அங்கே சென்று பாருங்கள், மதிலும் இல்லை, மதகரியும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே கம்பெனியார் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு வாயில்கள் பல. அவற்றுள் ஒன்றுக்கு வாய்த்த பெயர் அது. மதிலுக்கென வரி தண்ட நினைத்த கதையை வால்டாக்ஸ் சாலை தன் பெயரிலே இன்றும் சுமந்து நிற்கிறது. மதில் போயிற்று, வாயில் போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. பொருள் போன பின்னும் பெயரைப் பிடித்துத் தொங்குவதிலே இந்த நாட்டுக்கு ஈடு எந்த நாடு?

பழைய யானைக்கவுனிப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிய பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன்மீது நின்று பார்த்தால், கீழே சென்ட்ரல் நிலையத்துக்குப் போவதும் வருவதுமாக இரயில்கள். ஒருபுறம் சவுகார்பேட்டை. தங்கசாலைத் தெருவும் அதன் சந்துகளும், தங்கமும் வெள்ளியும் வைரமும் வண்ணக் கல்லும் மின்னும் கடைகளும். மறுபுறம் சூளை. அதனையும் கடந்து நடந்தால் புளியந்தோப்பு, அங்கே ஆட்டுத்தொட்டி. நகரம் விரும்பி உண்ணும் இறைச்சியை விடியுமுன் அறுத்துக் கொடுக்கும் இடம். அணிகலன் விற்கும் தெருவுக்கும் எலும்பு குவியும் தெருவுக்கும் இடையே உள்ள தொலைவு நடந்துபோகும் தொலைவுதான். அந்தத் தொலைவை அளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நாம் ஆசிரியத் தொழிலுக்கு வந்து ஆண்டுகள் மூன்றே ஆகின்றன. சென்ற ஆண்டு, நாம் பணிபுரியும் பள்ளியிலே மாணவர் கைவினைக் கண்காட்சி நடந்தது. தீக்குச்சியிலே வீடு, கொட்டாங்கச்சியிலே குரங்கு, பழைய வளையலிலே விளக்கு... ஆண்டுதோறும் வருபவை, ஆண்டுதோறும் பாராட்டுப் பெறுபவை. அவற்றினிடையே, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்து வைத்தான். புளியந்தோப்புப் பையன். தந்தையார் ஆட்டுத்தொட்டியிலே தொழில் செய்பவர். பதக்கம் கட்டைவிரல் நீளம், பால் நிறம். தூண்டில் முள்ளின் வடிவம், வளைவின் உட்புறத்திலே சிறியதொரு சுருள், மேலே துளை, துளையிலே கறுப்புக் கயிறு. பசிபிக் பெருங்கடலின் தீவு மக்கள் அணியும் பதக்கத்தின் படத்தைக் கைப்பேசித் திரையிலே கண்டு, தன் கையாலேயே அறுத்து, அராவி, தேய்த்துச் செய்தது என்றான். தொட்டுப் பார்த்தோம். வழுவழுப்பென்றால் அப்படியொரு வழுவழுப்பு!

சிறப்பு விருந்தினராக வந்திருந்த அம்மையார் அதன்முன் நின்றார். எடுத்தார். கழுத்தருகே வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “தந்தமா?” என்றார்.

“இல்லீங்க. மாட்டு எலும்பு. நல்லி எலும்பு.”

பதக்கம் மேசைமேல் விழுந்தது. வைக்கப்படவில்லை தோழர்களே, விழுந்தது! அம்மையார் கைக்குட்டையைத் தேடினார். சற்று நேரத்துக்கெல்லாம் மேலிடத்திலிருந்து சொல் வந்தது: விளக்கேற்றிய இடம், நாலுபேர் வந்துபோகும் இடம், அதை எடுத்துவிடுங்கள். எடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? நாம்தான். மேடையிலே பகுத்தறிவு முழங்கும் நாம், படிப்பகத்திலே சாதி ஒழிப்புப் பேசும் நாம், அந்தப் பதக்கத்தை ஒரு தாளிலே சுற்றி மேசைக்கு அடியிலே வைத்தோம். அதைவிட வெட்கம் ஒன்றுண்டு. ‘மாட்டு எலும்பு’ என்று அவன் சொன்ன நொடியிலே, சற்றுமுன் தொட்டுத் தடவி மகிழ்ந்த நம் விரல்களும் ஒருமுறை சுருங்கின. எவரும் பார்க்கவில்லை. நாம் உணர்ந்தோம்.

மாலையிலே பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பையன் கேட்டான்: “சார், சீட்டுல தந்தம்னு எழுதியிருந்தா வெச்சிருப்பீங்களா?”

குறும்பாகக் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. கணக்கிலே ஐயம் கேட்பது போலக் கேட்டான். நாம் விடை சொல்லவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று எழுதுகிறோம்.

வைத்திருப்போம். ஐயமென்ன, கண்ணாடிப் பேழைக்குள்ளே வைத்திருப்போம்!

அப்படியானால் தந்தத்துக்கும் எலும்புக்கும் என்ன வேறுபாடு? அறிவியலைக் கேட்போம். எலும்பின் எடையிலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். எஞ்சியதிலே பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். தந்தம் என்பது என்ன? யானையின் பல். அதிலும் அதே கனிமம், அதே புரதம், அளவிலேதான் சிறிது ஏற்றத்தாழ்வு. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் எலும்பிலே நுண்ணிய புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும், உயிரோடிருந்தபோது குருதி ஓடிய குழல்களின் தடங்கள் அவை. தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்திலே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். ஒன்றிலே புள்ளி, மற்றொன்றிலே கோடு. கோட்டிலே புனிதம் குடியிருக்கிறது, புள்ளியிலே தீட்டுக் குடியிருக்கிறது என்று எந்த நூலிலே எழுதியிருக்கிறது?

எலும்பைத் தொடமாட்டோம் என்கிறார்களே, தொடாமலா இருக்கிறார்கள்! பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்திலே சோசையா ஸ்போடு என்பார் செப்பம் செய்த பீங்கான் வகைக்கு ‘போன் சைனா’ என்றே பெயர். கால்நடை எலும்பைச் சுட்டெடுத்த சாம்பலைக் களிமண்ணோடு கலந்து செய்வது. அந்தக் கோப்பையிலே தேநீர் தந்தால் பெருமை. மருந்துக் குளிகையின் மேலுறை பெரும்பாலும் செலட்டின். அது மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் பசை. திரைப்படச் சுருளிலே ஒளியை ஏற்கும் பூச்சும் அதே செலட்டினில்தான் படிந்திருந்தது. கைலாயமும் வைகுந்தமும் வெள்ளித்திரையிலே தோன்றக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்களே பக்தர்கள், அந்தக் கைலாயமும் வைகுந்தமும் எலும்புப் பசையின்மேல்தான் ஓடின! பட்டுக்குப் பூச்சி, கத்தூரிக்கு மான், சங்குக்கு நத்தை, மிருதங்கத்துக்கு மாட்டுத் தோல். கச்சேரி மேடையிலே மிருதங்கத்துக்குப் பொன்னாடை. தோலைப் பதமாக்கி, வார் இழுத்து, அதற்குக் குரல் கொடுத்தவனுக்கு? அவர்கள் கதையைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார். 2020 வரை அவர்கள் கதை நூலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு கதை அல்லவா!

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எலும்பைத் தொடத் தயங்குவோர் அனைவரும் ஒரே காரணத்தால் தயங்குவதில்லை. உயிர்க்கொலைக்கு இரங்கி, விலங்கின் உடலிலிருந்து வந்த எதையும் அணியாதார் உண்டு. அவர்தம் இரக்கத்தை நாம் எள்ளமாட்டோம். ஆயின் அந்த இரக்கம் உண்மையானதாயின் எலும்பைவிடத் தந்தத்துக்கன்றோ முதலில் அஞ்ச வேண்டும்! உணவுக்காக அறுத்த மாட்டின் எஞ்சிய எலும்பு இது. தந்தத்துக்காகவே வீழ்த்தப்பட்ட யானைகளோ எத்தனை எத்தனை! தந்தப் பிள்ளையாரைக் கூடத்திலே வைத்துவிட்டு எலும்புப் பதக்கத்துக்குக் கைக்குட்டை தேடும் கையிலே இரக்கம் எங்கே இருக்கிறது? மற்றொரு காரணம், தூய்மை. பச்சை எலும்பிலே கொழுப்பு உண்டு, நாற்றம் உண்டு, கிருமி உண்டு. மறுப்பாரில்லை. அதற்குக் கொதிநீர் உண்டு, சலவைச் சோடா உண்டு. வெந்து, வெளுத்து, உலர்ந்து, மெருகேறிய எலும்பிலே அவற்றுள் எது எஞ்சும்? இரக்கமும் இல்லை, அழுக்கும் இல்லை என்ற பின்னும் கை பின்வாங்குகிறதென்றால் மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும். கழுவினால் போவது அழுக்கு. கழுவியும் போகாமல், எலும்பை விட்டு அறுத்தவன் மீது தாவி, அவனை விட்டு அவன் மகன் மீது தாவி, ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் வந்து மேசையருகே நிற்கிறதே, அதற்கு அழுக்கு என்றா பெயர்?

இனி அந்தப் பையன் படத்திலே கண்ட பதக்கத்தின் தாயகத்துக்குப் போவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கிலே கடல்கடந்து நியூசிலாந்திலே குடியேறியவர்கள் மாவோரி மக்கள். உலோகம் அவர்களிடம் இல்லை. கல், மரம், சிப்பி, எலும்பு, இவையே அவர்களுடைய இரும்பும் செம்பும். மோவா என்ற, பறக்க இயலாத பெரும்பறவையின் எலும்பு, கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்பும் பல்லும். இவற்றிலே தூண்டில் முள் செய்தார்கள், ஊசி செய்தார்கள், சீப்புச் செய்தார்கள், கழுத்தணி செய்தார்கள். தூண்டில் முள் வடிவிலான பதக்கத்துக்கு ‘ஹெய் மாத்தாவு’ என்று பெயர். சோறு தந்த கருவி கழுத்திலே அணியாயிற்று! காசிமேட்டிலே, திருவொற்றியூர்க் குப்பத்திலே தூண்டில் முள் வைத்துப் பிழைக்கும் நம்மவர் எவரேனும் அதைப் பொன்னிலே செய்து கழுத்திலே அணிந்ததுண்டா? தொழிற்கருவியை மறைத்துவிட்டு உழையாதவனின் சின்னத்தை அணிவதன்றோ இங்கே மதிப்பு!

அங்கே ஒரு பதக்கம் பாட்டனிடமிருந்து பேரனுக்குச் செல்கிறது. அணிந்தவர் ஒவ்வொருவரின் பெருமையும் அதிலே சேர்வதாக நம்புகிறார்கள். அந்தப் பெருமைக்கு ‘மனா’ என்று பெயர். கைமாறக் கைமாற எலும்புக்கு மதிப்புக் கூடுகிறது. இங்கேயும் எலும்பு தந்தையிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. என்னவாகப் போகிறது?

மாவோரி மக்களிடையே ஒரு கதை உண்டு. மாவுயி என்னும் வீரன் தன் பாட்டியின் தாடை எலும்பால் செய்த தூண்டிலைக் கடலிலே வீசினான். சிக்கியது மீனன்று, ஒரு தீவு. நியூசிலாந்தின் வடதீவுக்கு அவர்கள் மொழியிலே ‘மாவுயியின் மீன்’ என்ற பொருளிலேயே பெயர். கட்டுக்கதைதான். பகுத்தறிவுக்கு முன் நில்லாத கதைதான். ஆனால் கதைக்குக் கதை ஒப்பிடத் தடையென்ன? அவர்கள் கட்டிய கதையிலே ஒரு கிழவியின் எலும்பு எல்லோரும் குடியிருக்க நிலம் தருகிறது. இங்கே கட்டிவிட்ட கதையிலே ஓர் உடலின் முகத்திலே ஒருவன் பிறந்தான், தோளிலே ஒருவன், தொடையிலே ஒருவன், காலிலே ஒருவன். உடலைக் கொண்டு நிலம் படைத்த கதை ஒன்று. உடலைக் கொண்டு மனிதரைக் கூறுபோட்ட கதை மற்றொன்று.

உடனே, ‘ஆகா, மாவோரி மக்களே மாண்புடையார்’ என்று கொடி பிடிக்க நாம் வரவில்லை. அவர்களிடமும் தொடத்தகாதவை உண்டு. ‘தபு’ என்ற அவர்களுடைய விலக்கு மிகக் கடுமையானது. பண்டைப் போர்க்காலத்திலே வென்ற பகைவனின் எலும்பை எடுத்துத் தூண்டில் முள் செய்து, அவன் குலத்தையே இழிவுபடுத்தியதும் உண்டு. ஒரே எலும்புதான், பாட்டனுடையதாயின் பெருமை, பகைவனுடையதாயின் இழிவு. இதிலிருந்து என்ன தெரிகிறது? பெருமையும் எலும்பிலே இல்லை, இழிவும் எலும்பிலே இல்லை. மனிதன் வைத்தது. வைத்தவனாலே எடுக்கவும் முடியும்.

அந்த நாட்டோடு நமக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1836 வாக்கிலே வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவத் தொண்டர், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பொருளைக் கண்டார். திருப்பிப் பார்த்தால் அது மணி! விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து! மொகைதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்ற பொருள்பட வாசகம். இன்று வெலிங்டன் நகரத்துத் ‘தே பாப்பா’ காட்சிச்சாலைக்கு உரியதாக இருக்கிறது அந்தத் தமிழ் மணி. மணியைக் கவிழ்த்துக் கிழங்கு அவித்தார்களே என்று நாம் வருந்தவில்லை. அழகாக அவிந்திருக்கும்! ஒரு பொருள் இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று அதன் பிறப்பிலே எழுதியிருக்கவில்லை, எடுத்த கைதான் எழுதுகிறது. பொருளுக்கே அப்படியென்றால் மனிதனுக்கு?

வெள்ளையர் வந்தனர், இரும்பு வந்தது, எலும்பு செதுக்கும் கலை நலிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அதை மீண்டும் தளிர்க்கச் செய்தார்கள். எதைக் கொண்டு தெரியுமா? மோவாப் பறவை அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, திமிங்கில எலும்போ எல்லோர் கைக்கும் எட்டாதது. ஆகவே இறைச்சிக் கடையிலே கிடைக்கும் மாட்டின் கால் எலும்பு. ஆம், நம் புளியந்தோப்புப் பையன் எடுத்த அதே நல்லி எலும்பு! 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ரோட்டோருவா நகரிலே அமைந்த மாவோரி கலை, கைவினை நிலையத்திலே மரமும் கல்லும் எலும்பும் செதுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே ஒரு நாட்டின் சட்டம் தாங்கிப் பிடிக்கும் கலை, இங்கே மேசைக்கு அடியிலே.

‘ஏன் ஐயா, மாவோரியிடம் போவானேன்? நம்மிடம் இல்லையா?’ என்று தமிழ்ப்பற்று மிக்க தோழர் கேட்பார். இல்லாமலென்ன! 2019இல் வெளியான கீழடி அகழாய்வு அறிக்கையிலே, கூர்தீட்டிய எலும்பு முனைகள் கிடைத்த செய்தி உண்டு. நெசவிலே பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கேயே தந்தத்தாலான பகடையும் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. எலும்பும் தந்தமும் சங்கும் ஒரே குழியிலே, ஒரே மண்ணின் கீழ்! கீழடி வணிகன் பகடை உருட்டியபோது நெய்தவளின் கையிலே எலும்பு இருந்திருக்கும். தன் விரலைக் கைக்குட்டையாலே அவன் துடைத்தானா என்று மண் சொல்லவில்லை.

நக்கீரன் கதை நினைவிருக்கும். இறைவனே வந்து வழக்காடினான், பாட்டிலே பிழை கண்டான் புலவன், அதுவரை அனைவரும் அறிவர். வாதத்திலே தோற்பவன் எதை எடுப்பான்? சாதியை எடுப்பான்! அந்தக் கதையிலும் அப்படியே. சங்கறுக்கும் குலத்தான் அல்லவா நீ, உனக்குப் பாட்டின் குற்றம் தெரியுமோ என்ற பொருளிலே வசை. அறுத்துப் பிழைப்போமேயன்றி இரந்து பிழையோம் என்ற பொருளிலே புலவன் விடை. கடவுள் நடந்ததாக அல்ல, கதை கட்டியவன் நெஞ்சத்தைக் காட்டுவதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கு ஆண்டவன் கையிலே, சங்கறுப்பவன் ஆண்டவன் வாயிலே வசையாக! மன்னார்க் கடலிலே மூழ்கி எடுத்த சங்கு, உள்ளிருந்த சதை அழுகி நாறிய பின்னரே கழுவப்பட்டு, வங்கம் சென்று, மணமகளின் கையிலே மங்கல வளையாயிற்று. நாற்றத்தை முகர்ந்தவன் பெயர் எந்த மங்கலத்திலும் இல்லை.

வடக்கே மற்றொரு பாடம் நடந்தது. திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்த அரியணை 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியிலே பலரையும் வியக்க வைத்தது. அப்படித் தந்தம் கொடிகட்டிப் பறந்த நாடு இது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986இல் செய்த திருத்தம் இந்நாட்டுத் தந்த வணிகத்துக்கு முடிவு கட்டியது. 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் வழி அடைத்தார்கள். நல்ல சட்டம். யானை பிழைக்க வேண்டும். தந்தம் செதுக்கிய கைகள் என்ன செய்யும்? இலக்னோவிலும் வேறு ஊர்களிலும் பல கைவினைஞர்கள் எருமை எலும்புக்கும் ஒட்டக எலும்புக்கும் மாறினார்கள். அதே கை, அதே உளி. மல்லிகை இதழ் போன்ற சல்லடை வேலைப்பாடும் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: பொருளின் பெயர். பெயர் மாறியதும் விலை இறங்கியது. அப்படியானால் இத்தனை நாள் விலை கொடுத்தது எதற்கு? கலைக்கா, பெயருக்கா?

இவ்வளவும் சொல்லிவிட்டோம். சொற்பொழிவாயின் இங்கே கைதட்டல் எழும், மாலை விழும், வீட்டுக்குப் போகலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். கண்காட்சி முடிந்த ஒரு திங்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலம் ஏறி இறங்கி, சூளையைக் கடந்து அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கவும், அவன் கலையைப் புகழவும், இன்னும் செய்யென்று ஊக்கவும். தந்தையார் நாற்காலி தேடிப் போட்டார், அவர் தரையிலே உட்கார்ந்தார். பலமுறை கேட்டுக்கொண்ட பின்னும் மேலே உட்காரவில்லை. நாம் பேசிய பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: “சார், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா அவன் கையில எலும்பு வேணாம் சார். என்னோட போவட்டும்.”

நமக்கு வாயடைத்தது. ஏன் அடைத்தது? 1953ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்று இராசகோபாலாச்சாரியார் ஆட்சியிலே ஒரு திட்டம் வந்ததே, குலக்கல்வி என்று நாடே கொதித்ததே, 1954இல் காமராசர் அதைக் கைவிட்டாரே! அந்தக் கிளர்ச்சியை நூலிலே படித்து வளர்ந்த நாம், தாழ்வாரத்திலே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டு, அறுப்பவர் மகனுக்கு எலும்பு வேலையின் மாண்பை எடுத்துரைக்கிறோம்! தொழிலின் மாண்பு என்பது எத்தனை எளிய பேச்சு, அந்தத் தொழில் நம்முடையதாக இல்லாதபோது!

தந்தையார் சொன்னதும் உண்மை, பையன் கையிலே இருந்த திறமும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? பல நாள் எண்ணினோம். எலும்பு வேலையை அவனுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் அது குலக்கல்வி. அவனுக்கு மட்டும் மறுத்தால் அது தீண்டாமை. சவுகார்பேட்டைச் செல்வன் மகனும் வேப்பேரி வழக்கறிஞர் மகளும் அவனருகே அமர்ந்து அதே எலும்பை அராவினால், அப்போது அது வெறும் கைவினை. அதுவரை மாண்பு என்று நாம் பேசுவது, ஒருவன் தோளிலே சுமையை வைத்துவிட்டுச் சுமையைப் புகழ்வது. மகன்கள் வருவார்களா, மகள்கள் வருவார்களா என்பது பிறகு. ஆசிரியர் வருவாரா? அந்தக் கேள்விக்கு நம்மிடமே விடை இருந்ததால், வேறு எவரையும் கேட்காமல் தப்ப வழியில்லை.

தந்தையாரிடம் மீண்டும் போனோம். பையன் படிக்கட்டும், நீங்கள் சொன்னதிலே மாற்றமில்லை, எங்களுக்குக் கற்றுக்கொடுக்க அவனை அனுமதியுங்கள் என்றோம். “உங்களுக்கா சார்?” என்று கேட்டுச் சிரித்தார். முதன்முறையாக நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

நல்லி எலும்பின் இரு முனைகளையும் அறுத்தெறிந்து, உள்ளிருக்கும் மூளையைக் குச்சியாலே குத்தித் தள்ள வேண்டும். கொதிக்கவைக்க வேண்டும், ஆனால் அளவாக. மிகுதியாக வெந்தால் எலும்பு நொறுங்கும். சலவைச் சோடா கொழுப்பை எடுக்கும். நன்றாக உலர்ந்த பின்பே ரம்பம். பென்சிலாலே வடிவம் வரைந்து, தேவையற்ற இடங்களிலே துளையிட்டு, துளைகளை இணைத்து அறுத்தால் வளைவு வரும். துளைக்கருவியை வேகமாக ஓட்டினால் மயிர் தீய்ந்தாற்போல் நாற்றம் எழும், அது எலும்பிலே உள்ள புரதம் கருகும் நாற்றம். பிறகு அரம். முரட்டு அரம், மெல்லரம், பின் உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு. கடைசியிலே துணி. தூசு நுரையீரலுக்குக் கேடு, ஆகவே நனைத்துத் தேய்க்க வேண்டும், மூக்கைத் துணியாலே கட்ட வேண்டும்.

முதல் எலும்பை எடுத்தபோது நம் விரல் மறுபடி சுருங்கிற்று. மறைக்கவில்லை, அவனும் பார்த்துவிட்டான். நூல் படித்துத் தெளிந்த மூளை முன்னே போய்விடுகிறது. கை பின்தங்கியே வருகிறது. மூன்றாம் ஞாயிறன்று சுருக்கம் இல்லை, எதிர்பார்த்தோம், வரவில்லை. ஐந்தாம் ஞாயிறன்று அரத்தை அழுத்திய அழுத்திலே நம் முதல் பதக்கம் இரண்டாக உடைந்தது. “அழுத்தாதீங்க சார். அதுவா வரும். தண்ணி தொட்டுக்குங்க,” என்றான் ஆசான்.

ஓர் இடைச்சொல். மாவோரி வடிவங்களை நகலெடுக்கலாமா என்று அவனிடமே கேட்டோம். அவர்களுடைய முன்னோர் உருவங்களைத் தொட வேண்டாம், தூண்டில் முள் காசிமேட்டிலும் இருக்கிறதே, அதைப் பார்த்துச் செய்வோம் என்றான். காசிமேட்டு முள்ளின் வளைவு வேறு, எதிர்முள் வேறு. அதைப் பார்த்து அவன் வரைந்தான், நாம் அறுத்தோம்.

அந்த இரண்டாவது பதக்கம் சுமாராக வந்தது. ஒரு பக்கம் சற்றே கோணல். கறுப்புக் கயிற்றிலே கோத்துக் கழுத்திலே போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தோம். தங்கசாலைப் பக்கத்து நகைக்கடை ஒன்றிலே கணக்கெழுதும் நண்பர் எதிரே வந்தார். நின்றார், நலம் கேட்டார், பார்வை கழுத்துக்கு வந்தது. தொழில் பழக்கம் அல்லவா, கையிலே எடுத்து, ஒளிக்குத் திருப்பி, கட்டைவிரலாலே தடவிப் பார்த்தார். “அருமையாக இருக்கிறதே! இப்போதெல்லாம் இது கிடைப்பதில்லையே. தந்தம்தானே?” என்றார்.

கீழே வண்டி ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. அது கடக்கும்வரை காத்திருந்து சொன்னோம்.

அவர் பதக்கத்தை விடவில்லை. உடனே விடுவது நாகரிகம் ஆகாது என்று எண்ணினார் போலும். இன்னும் ஒரு நொடி பிடித்துக்கொண்டே நின்றார், தன் கட்டைவிரலைப் பார்த்தபடி.